கரண்ட் போவதைக் கணக்கில் சேர்த்த லோகநாயகி

லோகநாயகி காலமான செய்தியை அவர் கணவர் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் சொன்னார். "லோகா பூட்டாப்பா," என்றார்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் காற்றாலைகள் செய்த எங்கள் சின்னக் கம்பெனியில் இருந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இறக்கைகளைத் தாங்கும் தண்டை நான் வரைவேன். அது எவ்வளவு காற்றைத் தாங்கும், எத்தனை வருஷத்தில் அசந்துபோய் விரிசல் விடும் என்று லோகநாயகி கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பார். சேக்காட்டு வீட்டிலிருந்து வந்து இறங்கியதும், டீகூடக் குடிக்காமல் என் வரைபடத்தில் குறை கண்டுபிடிப்பார்.

எங்களுக்குத் தொழில்நுட்பம் தந்த வெளிநாட்டுக்காரர்கள் வகுத்த சோதனைகளில் என் தண்டு பாஸாகிவிட்டது. பெரும்புயலையே தாங்கியது. லோகநாயகி மட்டும் விடவில்லை.

"புயல் எப்பவோ ஒருவாட்டி வருது சார். நம்ம ஊர்ல கரண்ட் தெனம் பூடுதே, அத்த யாரு கணக்குல வச்சாங்க?"

லைனில் கரண்ட் போனால், இழுத்துப் பிடிக்கும் சுமை இல்லாமல் இறக்கை கட்டுமீறிச் சுற்றும். உடனே பிரேக் சடாரென்று பிடிக்கும். ஒவ்வொரு பிடிக்கும் தண்டின் கழுத்து, அதாவது அது மெலியும் இடம், முறுக்கிக்கொள்ளும். சோதனைகளை வகுத்தவர்கள் ஊரில் கரண்ட் போவதே அபூர்வம். தாமதித்தால் ஆர்டர் கைநழுவிவிடும் என்று முதலாளி குதித்தார். அவரிடம் மல்லுக்கட்டி லோகநாயகி ஒரு வாரம் அவகாசம் வாங்கினார்.

அந்த வாரக் கூத்தை என்னவென்று சொல்ல! கரண்ட் போவதைக் கணக்குப் போடும்போதே அம்பத்தூரில் கரண்ட் போகும். ஓட்டியதெல்லாம் அழிந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவேன்.

"பாத்தீங்களா சார், அதுவே வந்து சாட்சி சொல்லிகினு கீது," என்று அவர் சிரிப்பார்.

விடை வந்தது. இரண்டாவது காற்றுப் பருவத்துக்குள் கழுத்து முறியும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் கழுத்தைப் பருமனாக்கி மறுபடி வரைந்தேன்.

காற்றாலைகளை நிறுத்திய பிறகு மூன்றாவது பருவத்தில், பிரேக் சத்தம் போடுகிறது என்று பார்க்க நானே ஒரு காற்றாலையின் உச்சிக்கு ஏறினேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. பிரேக் பிடித்த வேகத்தில், உச்சியில் இயந்திரங்கள் இருக்கும் கூண்டு என்னைத் தூக்கி உதறியது. கண்ணைத் திறந்தபோது கைக்கெட்டும் தூரத்தில் தண்டு கழுத்து முறியாமல் அப்படியே நின்றது.

கீழே இறங்கி, எஸ்டிடி பூத்திலிருந்து அவருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நின்னுச்சு இல்ல? போய் மொதல்ல சாப்புடுங்க சார்."

நன்றி சொல்லக்கூட அன்று விடவில்லை. இப்போது சொல்கிறேன். அவர் நினைவாக என்னிடம் இருப்பது என்ன என்று கேட்கிறார்கள். நான் அந்த உச்சியிலிருந்து உயிரோடு இறங்கியதற்கு அடுத்த வருஷம்தான் என் மகள் பிறந்தாள். அவளைத்தான் காட்டுவேன்.