உதட்டுக்கு நிறம் குத்திக்கொள்வதா

முதல் வெள்ளைப் புள்ளி என் கீழுதட்டின் வலது ஓரத்தில் 2004 பொங்கலுக்கு முந்தின வாரம் தெரிந்தது. எள்ளளவு இருக்கும். சுவருக்கு அடித்த சுண்ணாம்பு தெறித்திருக்கிறது என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் வைத்துத் தேய்த்தேன். மறுநாளும் இருந்தது. அதிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தோறும் கண்ணாடி முன் நின்று, மகளின் ஸ்கேலால் அளந்து, டைரியில் எழுதி வந்தேன். வேறொன்றும் செய்ய முடியாதவர்கள் செய்யும் வேலை அது. 2005 முடிவதற்குள் கீழுதடு முழுக்க வெளுத்துவிட்டது. 2006 மாசி மகம் கழிந்த வாரத்தில் மேலுதட்டின் நடுவிலும் துவரம்பருப்பு அகலத்துக்கு ஒன்று விழுந்தது.

நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். அங்கே இரண்டு பேர் தங்கள் டீ டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். வீட்டில் யாரும் எதையும் தனியாக வைக்கவில்லை. அதனால் வீட்டைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது. அந்த வருடம் மே மாதம் வரை இருந்தது.

மே மாதத்தில்தான் என் நாத்தனார், கணவரின் அக்கா, ஒரு ஜாதகத்தைக் கொண்டு வந்தாள். பையன் பாரிசுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறான், பிரெஞ்சுக் குடியுரிமை, தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர். குடும்பம் ஜூலை விடுமுறைக்கு வரும், பதினான்காம் தேதி பிரெஞ்சு தேசிய தினக் கொண்டாட்டம் முடிந்ததும் பெண் பார்ப்பார்கள். முதலியார்பேட்டையில் மில் வேலை போய் உதிரிபாகக் கடையில் நிற்கும் என் கணவர் போன்ற ஒருவரின் பெண்ணுக்கு இப்படி ஓர் இடம் இரண்டாவது முறை வராது. ஜாதகம் பொருந்திய அதே வாரம் என் மகள் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தாள்.

"எல்லாம் சரிதான், இந்த ஒதட்டத்தான் என்னா பண்றது?" என்றாள் நாத்தனார், நான் அங்கே இல்லாதது போல என் கணவரிடம். "அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கும் வரும்பாங்கடா."

கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அன்று அவர் அந்தப் பேப்பரை விளம்பரம் விடாமல் படித்தார்.

மிஷன் வீதிப் பக்கம் ஒரு பியூட்டி பார்லர். அதை நடத்திய பெண் சென்னைக்குப் போய் பெர்மனன்ட் மேக்கப் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். புருவத்துக்கும் உதட்டுக்கும் ஊசியால் நிறம் ஏற்றுவது. ஜூன் முதல் வாரம் நாத்தனார் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். பார்லர்காரி ஆல்பத்தைக் காட்டினாள். இடது பக்கத்தில் வெளுத்த உதடு, வலது பக்கத்தில் நிறம் ஏறிய உதடு. நான் உற்றுப் பார்த்தேன். ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு படத்திலும் அதே புடவை, அதே பூ.

"ஒரு வருஷம் கழிச்சு எடுத்த போட்டோ ஏதாவது இருக்காம்மா?"

"வருஷம் கழிச்சி யாருக்கா வந்து போட்டோவுக்கு நிக்கிறாங்க? அவங்கவங்க பொழப்பப் பாக்கப் போயிடுவாங்க." சிரித்தாள். "பயப்படாதீங்க. கையில பச்சை குத்திக்கறதில்ல? அதேதான்."

பச்சை குத்துவதை அவள் சொல்லியிருக்க வேண்டாம். என் மாமியார் முன்கையில் கோலம் குத்தியிருந்தார். நான் மருமகளாகப் போனபோதே அதில் எது புள்ளி, எது கோடு என்று தெரியாது. நசுங்கிய நாவல்பழம் மாதிரி இருந்தது. அது கை. முந்தானையால் மூடிக்கொள்ளலாம்.

பார்லர்காரி மோசமானவள் அல்ல. வெள்ளை விழுந்த இடத்தில் குத்த வேண்டுமானால் தோல் டாக்டரின் கடிதம் வேண்டும் என்று அவளேதான் சொன்னாள். அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போனோம். சின்ன வயதுப் பெண். விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "எவ்ளோ நாளா பரவாம இருக்கு?"

நான் வாய் திறப்பதற்குள் நாத்தனார், "ரெண்டு வருஷமா அப்படியேதான் இருக்கு டாக்டர். கடுகளவு நகரல" என்றாள்.

"இல்ல டாக்டர். மார்ச்சுல மேல் ஒதட்டுல புதுசா வந்துது. மூணு மாசந்தான் ஆவுது."

நாத்தனார் மேசைக்கடியில் என் தொடையைக் கிள்ளினாள். டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வீட்ல கல்யாணமா?" என்றாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். ஒரு வருடமாவது மாறாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஊசி பட்ட இடத்தைச் சுற்றிப் புதிதாக வெளுக்கலாம். வெளுத்தால் நடுவில் நிறமும் சுற்றிலும் வெள்ளையுமாக நிற்கும், இப்போதிருப்பதைவிட மோசமாகத் தெரியும். அடுத்த மார்ச்சில் வாருங்கள்.

தெருவுக்கு வந்ததும் நாத்தனார் குடையைக்கூட விரிக்கவில்லை. "ஒன்ன யாரு தேதி கேட்டா? பெரிய கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்டு! பெத்த பொண்ணு கல்யாணம், இவ மார்ச்சு ஏப்ரல்னு ஒப்பிக்கிறா."

"கேட்டதுக்குத்தான் அண்ணி சொன்னேன்."

"கேட்டா சொல்லிடுவியா? ஒன் புருஷன் சம்பளம் என்னான்னு மாப்ள வூட்ல கேப்பாங்க, அதையும் சொல்லிடு."

என் பக்கம் உண்மை மட்டுமே இருந்தது என்று எழுத மாட்டேன். பயம்தான் அதிகம். நாற்பத்து நான்கு வயதில் அதுவரை ஒரு லிப்ஸ்டிக்கைத் தொட்டதில்லை. வெள்ளை உதட்டோடு பார்ப்பவர்கள் ஐயோ பாவம் என்பார்கள். சாயம் திட்டாகிப் போன உதட்டோடு பார்த்தால், இந்த வயதில் இவளுக்கு இது தேவையா என்பார்கள். முதலாவது பழகிவிட்டது. இரண்டாவதைப் பழக எனக்குத் தெம்பு இல்லை.

முடியாது என்று வீட்டில் சொன்னேன். கணவர் "ஒன் இஷ்டம்" என்றார். அதற்குப் பிறகு பத்து நாள் அவர் என்னிடம் சோறு போடு என்றுகூடச் சொல்லவில்லை. தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஜூன் கடைசி வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்காகப் போட்டுக்கம்மா" என்றாள். அத்தையும் அப்பாவும் பேசியபோது வராத சம்மதம் அந்த ஒரு வாக்கியத்தில் வந்துவிட்டது. மறுநாள் காலையே இருவரும் பார்லருக்குப் போனோம். டாக்டர் கடிதம் இல்லாததால், என் சொந்தப் பொறுப்பில் செய்துகொள்கிறேன் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.

குத்துவதற்கு முன்னால் பென்சிலால் வரைந்து, கலந்த நிறத்தைப் பிரஷ்ஷால் பூசிக் காட்டுவார்கள். பாட்டில்களில் இருந்ததெல்லாம் ரோஜா நிறம். நம்மவர் உதட்டுக்கு அது ஒத்துவராது என்று பார்லர்காரி பழுப்பைச் சொட்டுச் சொட்டாகக் கலந்தாள். பூசி முடித்துக் கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். இரண்டரை வருடத்துக்கு முந்தைய என் வாய் அதில் இருந்தது.

"அழகா இருக்கம்மா" என்றாள் மகள். என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். இத்தனை நாளும் அவள் பேசும்போது என் தோளையோ, எனக்குப் பின்னாலிருந்த சுவரையோதான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாதா மாதம் உதட்டை அளந்தவள் இதைக் கவனிக்கவில்லை.

மரத்துப்போவதற்கான கிரீமை எடுக்கப் பார்லர்காரி உள்ளே போனாள். நான் மகளிடம் மெதுவாகக் கேட்டேன், "ஒரு வருஷத்துல இதைச் சுத்திப் பரவிடுச்சுன்னா என்னாடி பண்றது?"

அவள் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "அதுக்குள்ள நான் அங்க போயிடுவேன்மா. அதெல்லாம் ஒண்ணும் பிரச்சனை வராது."

கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. எனக்குத் தைரியம் சொல்வதாகவே நினைத்துச் சொன்னாள்.

மேசையில் பஞ்சு இருந்தது. எடுத்துத் துடைத்தேன். பழுப்பு சுலபமாக வந்தது, பென்சில் கோட்டுக்குத்தான் எண்ணெய் தேவைப்பட்டது. பார்லர்காரி கிரீம் குப்பியோடு வந்து நின்று, "என்னாக்கா, கலர் புடிக்கலையா?" என்றாள்.

"கலர் நல்லாத்தாம்மா இருந்துது" என்று சொல்லி எழுந்தேன். பஸ்ஸில் மகள் முன் சீட்டிலும் நான் பின் சீட்டிலுமாக வந்தோம். பக்கத்தில் இடம் இருந்தது.

ஜூலை பதினாறு, ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் வந்தார்கள். கூடத்தில் அம்மா உட்கார வேண்டிய இடத்தில் நாத்தனார் உட்கார்ந்தாள். நான் அடுப்படியில் காபி போட்டேன். நாத்தனார் வந்து தட்டை வாங்கிக்கொண்டு போனாள். பையனின் அம்மா பிரெஞ்சில் நன்றி சொல்லி, "மெர்சி, சக்கர வேணாம்" என்பது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "பொண்ணோட அம்மா எங்க, காணோமே?" என்றும் கேட்டது.

நாத்தனார் ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். என் மகளின் குரல்தான் தெளிவாக வந்தது. "ஊருக்குப் போயிருக்காங்க ஆன்ட்டி."

இடம் முடிவாகிவிட்டது. நிச்சயத்துக்கு என்னை மறைக்க வழியில்லை. பெற்றவள் தலைகாட்டாமல் நிச்சயம் நடந்தால் கேள்வி வரும். ஆடி என்றும் பார்க்காமல், அவர்கள் விடுமுறை முடிவதற்குள் ஜூலை கடைசியில் நிச்சயம் வைத்தார்கள். தட்டு மாற்றி, இனி மறுக்க முடியாது என்றான பிறகுதான் நாத்தனார் என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினாள். பையனின் அம்மா என் உதட்டைப் பார்த்தார். பிறகு, ஊரில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டார். சௌக்கியம் என்றேன். பக்கத்தில் நின்ற என் மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.