புடலங்காயும் ஜி.ஐ. கம்பியும்

என் கணவர் திரவியம் ஆரியசாலையில் ஒரு மொத்த விலைக் கடையில் கணக்கெழுதினார். வீட்டுக்கு வந்துவிட்டால் கையில் குறடும் ஜி.ஐ. கம்பியும்தான். துத்தநாகம் பூசிய கம்பி, திருவனந்தபுரத்து மழைக்குத் துருப்பிடிக்காது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கரமனையில் எங்கள் வீட்டுத் துணிக்கொடி, கிணற்று வாளியின் பிடி, முருங்கைக்காய் பறிக்கும் கொக்கி, பூந்தொட்டி தொங்கும் வளையம் எல்லாம் ஒரே சுருளிலிருந்து வந்தவை. மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த காலையும் கம்பியால் முறுக்கி மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

கதவுக்குப் பின்னால் அவர் வைத்த கொக்கி என் பச்சைப் பட்டுச் சேலையைக் கிழித்த அன்று எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆக்ரிக்காரன் வரட்டும், சுருளோட தூக்கிக் குடுத்திருவேன்" என்றேன். பழைய இரும்பு எடுக்கிறவன் வாராவாரம் தெருவுக்கு வருவான்.

"எடி வடிவு, ஓணம் வரைக்கும் பொறு. அன்னைக்குத் தெரு அசோசியேஷன் வைக்கிற காய்கறிப் போட்டியில நம்ம புடலங்காய்க்குத்தான் பிரைஸ். கிடைக்கலேன்னா நானே தூக்கிக் குடுக்கேன்."

பந்தல் முழுக்கக் கம்பியில் போட்டார். ஆடி மாசத்துக் கர்க்கடக மழையில் பக்கத்து வீட்டு ஹரிகுமாரின் கயிற்றுப் பந்தல் தொய்ந்தது, எங்களுடையது அசையவில்லை. புடலங்காய் சுருளாமல் நீள, நுனியில் கல் கட்டுவது வழக்கம். எல்லாரும் வாழைநாரில் கட்டுவார்கள். "நாரு அழுகிப் போகும்லா?" என்று இவர் அதையும் கம்பியில் கட்டினார். காய் பருத்தபோது கம்பி இடம் கொடுக்கவில்லை. போட்டிக்கு முந்தின நாள் காலையில் நுனி அறுந்து, கல்லோடு தரையில் கிடந்தது.

ஹரிகுமார் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, கழுத்த அறுத்துட்டீங்களே! கொலைக்கேஸாக்கும், கேட்டோ!"

"கழுத்தில்லப்பா, வாலு" என்றார் இவர். முகம் மட்டும் சுருங்கிவிட்டது.

மத்தியானம் அந்தக் காயையே கூட்டு வைத்தேன். சாப்பிட்டு எழுந்தார். பிறகு கம்பிச் சுருளைக் கொண்டுபோய் வாசலில் வைத்தார். சொன்ன சொல் தவறமாட்டார்.

மறுநாள் போட்டியில் ஹரிகுமாரின் காய்தான் எல்லாவற்றிலும் நீளம். மேசையில் வைத்தால் இரண்டு பக்கமும் தொங்கி ஒடியப் பார்த்தது. மனிதர் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, அத நேரா தூக்கி மாட்டணும். ஒரு கொக்கி வேணும், வேகம்!"

இவர் சுருளைத் தொடவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் உள்ளே போய், கிழிந்த பச்சைப் பட்டிலிருந்து ஒரு துண்டு கிழித்து வந்தேன்.

"கம்பியில இதச் சுத்தி மாட்டுங்க. இன்னொருத்தர் காயையும் அறுத்துராதீங்க."

பட்டு சுற்றிய கொக்கியில் தொங்கியபடி ஹரிகுமாரின் புடலங்காய் முதல் பரிசு வாங்கியது. கைதட்டியவர்களில் இவர் சத்தம்தான் அதிகம்.

திரும்பி வந்ததும் காலி வாசலைப் பார்த்துவிட்டு, "ஆக்ரிக்காரன் வந்தானா?" என்று கேட்டார்.

"வந்தான். பழைய பேப்பர் போட்டேன்."

சுருள் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது. போன வாரம் துணிக்கொடி தொய்ந்துவிட்டதென்று நானே குறடு எடுத்து முறுக்கினேன். முறுக்கிய லட்சணத்தை அவர் உயிரோடு இருந்து பார்த்திருந்தால் ஹரிகுமாரையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்திருப்பார். துணி என்னவோ விழாமல் காய்கிறது.