சஹனில் உண்டதை எழுதாமல் விட்டேன்

காதுக்குக் கீழே, புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு எங்கள் மகள் சுலைகாவுக்குத் தலை வாரும்போது என் மனைவி மைமூன் அதைக் கண்டாள். சுலைகாவுக்கு அப்போது ஒன்பது வயது. வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து கட்டிகள். காய்ச்சல் முப்பத்தொன்பது டிகிரி.

நான் காரைக்கால்காரன். சைகோனில் துணிக்கடை, மேலே வீடு. மைமூன் இவ்வூர்ப் பெண். காரைக்காலில் என் வீட்டாரோடு சில ஆண்டுகள் இருந்து தமிழ் கற்றவள்.

பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். மண்ணீரல் (இடது விலாவுக்குக் கீழுள்ள உறுப்பு) வீங்கியிருந்தது. இரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகுந்திருந்தன, வடிவமும் சரியில்லை. பிரெஞ்சு மருத்துவர் ‘லூசெமி’ (வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகும் இரத்தப் புற்றுநோய்) என்றார். மருந்து உண்டா என்று கேட்டேன். அவர் கை கழுவப் போனார்.

அங்கிருந்து டாக்டர் அருளப்பனிடம் அனுப்பப்பட்டோம். புதுச்சேரிக்காரர், பிரான்சில் படித்தவர். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களை, முக்கியமாக லூசெமியை, ஆராய்வதே அவர் வேலை. அவர் அறையில் சுவரோரம் மரப்பெட்டிகள். அவற்றில் கண்ணாடிச் சில்லுகள்; ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தையின் ஒரு சொட்டு இரத்தம்.

“இந்தப் பிள்ளைங்கள்லாம் இப்ப எங்க?” என்றேன்.

“ஒருத்தரும் இல்ல, முசியே (ஐயா). அதனாலதான் உங்க பொண்ண அவசரப்பட்டு அந்தப் பெட்டியில வைக்க எனக்கு மனசில்ல.”

சுலைகாவின் உடல்நிலை பற்றி நான் எழுதி வைத்திருந்த குறிப்புகளைக் கொடுத்தேன். கட்டி தெரிவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, பழையதை நினைவுகூர்ந்து, நாள்வாரியாக, பிரெஞ்சில் திருத்தி எழுதிய நற்பிரதி. உணவு, உறக்கம், மலம், காலை மாலைக் காய்ச்சல். அவர் ஒரு வரி விடாமல் படித்தார்.

“எந்த நர்ஸும் இவ்வளவு சுத்தமா எழுதினதில்ல. வீட்டுல வேற பிள்ளைங்களுக்குக் காய்ச்சல், தொண்டவலி உண்டா?”

“இல்ல.” எங்கள் வீட்டில் ஒரே பிள்ளைதான். கேட்டதற்குச் சரியான பதில் என்றே நினைத்தேன்.

“இருந்துச்சே,” என்றாள் மைமூன். “தர்கா கந்தூரி விருந்து முடிஞ்ச மறு வாரம் உங்க தம்பி பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் தொண்டை அடைச்சுக்கிச்சு. மூணும் ஒரே சஹன்லதானே சாப்பிட்டுச்சுங்க.”

டாக்டர் தாளைத் தேடினார். கந்தூரி நாளில் ‘உணவு: சோறு, ஆட்டிறைச்சி’ என்று மட்டும் இருந்தது. பெரிய தட்டில் சோற்றைக் கொட்டி, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து உண்பதுதான் சஹன். இதைப் படிக்கும் வெள்ளைக்கார மருத்துவர் முகம் சுளிப்பார் என்று விட்டுவிட்டேன். அதைச் சொன்னேன்.

“நல்லா வெக்கப்பட்டீங்க போங்க. படிக்கிறவன் புதுச்சேரிக்காரன்.” சிரித்தார். உடனே சிரிப்பு நின்றது. “நாளைக்கே அந்தப் பிள்ளைங்களக் கூட்டிட்டு வாங்க.”

துறைமுகப் பக்கமுள்ள கான் ஹொய்யிலிருந்து தம்பி தன் இரண்டு பெண்களையும் அழைத்து வந்தான். இருவரும் நலமாகத்தான் இருந்தார்கள், ஓரிடத்தில் உட்காரவில்லை. ஆனால் மூத்தவளின் கழுத்தில் இன்னும் வீக்கம் இருந்தது. இருவர் இரத்தத்திலும், குறைவாக, சுலைகாவிடம் கண்ட அதே மாதிரி அணுக்கள்.

“லூசெமி இப்படிக் கூட்டமா வராது,” என்றார் டாக்டர். “இது சுரப்பிக் காய்ச்சலா (கழுத்து முடிச்சுகள் வீங்கும் தொற்றுக் காய்ச்சல்) இருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன். அதுன்னா ஒரே தட்டுல சாப்பிடுறவங்களுக்கு ஒட்டிக்கும், தானா இறங்கும். செவ்வாய்க்கு செவ்வாய் ஒரு சொட்டு ரத்தம் குடுங்க.”

அந்த வாரங்களைப் பற்றி எழுத அதிகமில்லை. காத்திருந்தோம். மூன்றாம் செவ்வாயன்று காய்ச்சல் விட்டிருந்தது. நான்காம் செவ்வாயன்று சுலைகா விரலை நீட்டிக்கொண்டே, “டாக்டருக்கு இன்னுமா பசி அடங்கல?” என்று கேட்டாள்.

ஐந்தாம் முறை அவர் என்னை நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். ஊதாப் புள்ளிகள்தாம் தெரிந்தன.

“எனக்கு ஒண்ணும் தெரியலயே.”

“எனக்கும் ஒண்ணும் தெரியல, முசியே. அதுதான் சேதி.”

மைமூன் நடைக்குப் போய், முந்தானையால் முகத்தை மூடி அழுதாள்.

சுலைகாவின் சில்லுகளைத் தாமே வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டர் கேட்டார். லூசெமி போலத் தோன்றி, அதுவல்லாமல் போனவற்றை அருகில் வைத்துப் பார்த்தால்தான் அடுத்த குழந்தைக்கு வேறுபாடு தெரியும் என்றார். புதிதாக ஒரு பெட்டி எடுத்தார். அதில் இவளுடையவைதாம் முதலில் சென்றன.

இப்போது அந்த நடையில் காத்திருக்கும் பெற்றோருக்கு: மற்றப் பெட்டிகளில் உள்ள குழந்தைகளுக்கு அந்த நோய் உண்மையாகவே இருந்தது. உங்களுக்கு நான் எந்த உறுதியும் தர முடியாது. ஆனால் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். கூச்சப்படுவதை முதலில் சொல்லுங்கள்.

“அடுத்த செவ்வாய்?” என்று நான் கேட்டதற்கு, “பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க,” என்றார் டாக்டர்.

ஆனாலும் வழக்கமாக இரத்தம் கொடுக்கப் போகும் அந்தச் செவ்வாய் காலை ஒன்பது மணியை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுச் சுலைகாவை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனேன். அவள் முன்னே ஓடினாள். பின்னால் நடந்தபோது என் வலது முழங்கால் வலித்தது. எத்தனை நாளாக வலிக்கிறது என்று யோசித்தேன், தெரியவில்லை; என்னைப் பற்றி ஒரு வரியும் எழுதி வைத்திருக்கவில்லை. அவள் திரும்பி வரும்வரை நின்று அதைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.