உம்மாவின் டின் தோட்டம்

எங்கள் வீட்டுத் தோட்டத்தை அரை மணித்தியாலத்தில் லொறியில் ஏற்றிவிடலாம் என்று வாப்பா சொல்லிச் சிரிப்பார். அதில் பொய் எதுவும் இல்லை. தோட்டம் முழுவதும் டின்னில்தான் இருந்தது. பால்மா டின், பிஸ்கட் டின், தேங்காயெண்ணெய் வந்த பெரிய தகரம், கைப்பிடி கழன்ற வாளி என்று மண் கொள்ளக்கூடிய எதையும் உம்மா வெளியே எறியமாட்டார். அடியில் ஆணியால் மூன்று ஓட்டை போடுவார். வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய நீலப் பெயின்டை யாரிடமாவது கேட்டு வாங்கி வந்து பூசுவார். பெயின்ட் காய்ந்ததும் அந்த டின்னுக்கு எங்கள் வீட்டில் ஒரு மரியாதை வந்துவிடும். அதற்குப் பிறகு அதை யாரும் காலால் நகர்த்தக் கூடாது.

வீடு புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போகும் பாதையில், கடற்களப்புக்குக் கிட்ட ஒரு குடியேற்றத்தில் இருந்தது. இரண்டு அறை, சீமெந்துக் கல் சுவர், பாதி தகரமும் பாதி தென்னோலைக் கிடுகுமாக ஒரு கூரை. அதை உம்மா ஒரு மாளிகையைப் போலத்தான் நடத்தினார். கிழிந்த சாரங்களை வெட்டி ஒட்டுப்போட்டு மெத்தைக்கு உறை தைப்பார். அலுமாரித் தட்டுகளின் ஓரமெல்லாம் அவர் கையால் பின்னிய வெள்ளை லேஸ். கதிரை முதுகுக்கு ஒரு லேஸ், தண்ணீர்க் குடத்துக்கு ஒரு லேஸ், றேடியோவுக்கு ஒரு லேஸ். உப்பளத்தில் வேலை முடிந்து வந்து கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் தனக்கும் ஒன்று பின்னிப் போர்த்திவிடுவாள் என்று பயமாக இருப்பதாக வாப்பா சொல்வார். வெயில் நாட்களில் முற்றத்து ஓலைப்பாயில் தேசிக்காய் உப்போடு காயும். ஞாயிற்றுக்கிழமை காலையில் புதினா கிள்ளித் தேத்தண்ணியில் போடுவார். அந்த வாசம் வந்தால்தான் அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்பது எனக்கு உறுதியாகும்.

ஏன் எல்லாவற்றையும் டின்னில் வைக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். இந்த மண் உப்பு, வேர் கருகிப்போகும் என்றார் உம்மா. நான் நம்பினேன். பக்கத்து வீட்டு முருங்கை கூரைக்கு மேலே வளர்ந்து எங்கள் முற்றத்தில் பூக்கொட்டியது. தினமும் அதைக் கூட்டி அள்ளுகிறவள் நான்தான், இருந்தும் நம்பினேன். கடலில் உப்பில்லை என்று உம்மா சொல்லியிருந்தால் அதையும் நம்பியிருப்பேன்.

நான் புத்தளத்தில் பிறந்தவள். உம்மாவும் வாப்பாவும் மன்னார்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாழ்ந்து, தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை இயக்கம் வெளியேற்றியபோது ஊரோடு ஊராக இங்கே வந்தவர்கள். வீட்டில் பெரியவர்கள் ஊர் என்று சொன்னால் அது நான் பார்த்திராத ஓர் இடம். அங்கே எல்லாமே இங்கே இருப்பதைவிடப் பெரிது, இனிப்பு, மலிவு. சிறுபிள்ளையாக அதைக் கேட்டுக்கேட்டு எனக்கு அலுத்துப்போயிருந்தது.

தரம் ஆறில் இருந்தபோது பள்ளிக்கூடத்தில் வீட்டுத்தோட்டப் போட்டி அறிவித்தார்கள். விவசாயப் போதனாசிரியர் ஒருவர் சனிக்கிழமை வீடு வீடாக வந்து பார்த்துப் புள்ளி போடுவார். முதலாம் பரிசு எடுக்கும் பிள்ளை தன் உம்மாவோடு காலைக் கூட்டத்தில் மேடை ஏறலாம். முதல் ஆளாகக் கையை உயர்த்திப் பெயர் கொடுத்தேன். பெருநாளைக்கு உடுத்தும் பச்சைச் சாரியோடு உம்மா மேடையில் நிற்பது அப்போதே என் கண்ணுக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டை டின் கடை என்று சொல்லிச் சிரிக்கிற பெண்பிள்ளைகள் எல்லாரும் கீழே நின்று கைதட்ட வேண்டும். அதுதான் எனக்கு முக்கியம். பெயர் கொடுத்த பிறகுதான் டீச்சர் விதிகளை வாசித்தார். நிலத்தில் பாத்தி பிடித்து நட்ட செடிக்கு மட்டும்தான் புள்ளி. டின்னிலும் சாடியிலும் இருப்பவை கணக்கில் வராது. என்னைப் பார்த்தே வாசித்த மாதிரி இருந்தது.

அந்த வாரம் என் நல்ல காலம், உம்மாவும் வாப்பாவும் ஊருக்குப் புறப்பட்டார்கள். சண்டை முடிந்து பாதை திறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஊர்ச்சனம் கூடிக் கூடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு வான் பிடித்தார்கள். வியாழன் விடியப் போய் வெள்ளி பின்னேரம் திரும்புவதாகப் பேச்சு. வெள்ளி பௌர்ணமி, போயா விடுமுறை. எனக்குத் துணையாகக் கனமூலையிலிருந்து சாச்சி வந்தார். சாச்சி உம்மாவின் கடைசித் தங்கை, உம்மாவை ராத்தா என்றுதான் கூப்பிடுவார். ஊரை விட்டு வரும்போது அவருக்கு ஐந்து வயது. கனமூலையில் கலியாணம் முடித்து, தென்னையும் மாமரமும் நட்டு, அங்கேயே ஊன்றிவிட்டார். வானில் ஏறும்வரை உம்மா எனக்குத் தோட்டத்தைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். புதினாவுக்கு அரிசி கழுவிய தண்ணீர், ரோசாவுக்கு மீன் கழுவிய தண்ணீர், மாற்றி ஊற்றிவிடக் கூடாது.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், டின்னில் இருப்பதை எல்லாம் நிலத்தில் நட்டுவிடும் என் திட்டத்தைச் சாச்சியிடம் சொன்னேன். அவர் அந்த நீல டின்களை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“ராத்தா என்ன சொல்லுவாவோ தெரியா,” என்றார். பிறகு சாரியை இழுத்துச் செருகினார். “மண்வெட்டிய எடு. நடுவம்.”

மேலே வெள்ளை மணல்தான். ஒரு சாண் தோண்டியதும் கறுப்பாக, ஈரமாக மண் வந்தது. உம்மா சொன்ன உப்பு எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பே இல்லை. வேப்பிலை ஊறின தண்ணீர் மாதிரி ஒரு ருசி. சாச்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தானும் எடுத்து ருசி பார்த்தார். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்வதற்குள் மூன்று பாத்தி பிடித்து, நாற்பத்தி மூன்று டின்னில் இருந்ததையும் நட்டுவிட்டோம். கத்தரி, மிளகாய், புதினா, சேரை என்கிற வாசனைப்புல், ரோசா, பட்டிப்பூ. பாத்தியைச் சுற்றிச் சிப்பி பதித்தேன். அவ்வளவு அழகான தோட்டத்தை நான் அதுவரை கண்டதில்லை.

வெள்ளி காலையில் எழும்பிப் பார்த்தால் எல்லாம் சோர்ந்து படுத்திருந்தன. ரோசாவின் தலை பாத்தியில் கிடந்தது. பரிசு போகட்டும், உம்மா வந்து இதைப் பார்த்தால் என்ன ஆகும். சாச்சி பதறவில்லை, இடம் மாறினால் மனுசரும் இரண்டு நாள் இப்படித்தான் கிடப்பார்கள், நிழல் வேண்டும் என்றார். இருந்த கிடுகு ஒரு பாத்திக்குத்தான் போதுமாக இருந்தது. மற்ற இரண்டுக்கும் என்ன செய்வது. வீட்டுக்குள் போய் அலுமாரி லேஸ், கதிரை லேஸ், குடத்து லேஸ், றேடியோ லேஸ் எல்லாவற்றையும் உருவிக்கொண்டு வந்தேன். நாலு மூலையிலும் குச்சி நட்டு, பந்தல் மாதிரிக் கட்டினோம். வெயில் லேஸின் ஓட்டைகளுக்குள்ளால் புகுந்து புதினாவின் மேல் பூப்பூவாக விழுந்தது. வாளி வாளியாகத் தண்ணீர் வார்த்தோம்.

சாச்சி குசினியில் இருந்த நேரம் பம்பாய் முட்டாய்க்காரரின் மணிச் சத்தம் கேட்டது. பழைய போத்தலும் தகரமும் கொடுத்தால் அந்த ரோசா நிறச் சீனிப்பஞ்சைக் கை நிறையத் தருவார். வேலியோரம் குவிந்து கிடந்த டின்களைப் பார்த்தேன். நாளைக்கு வருகிற ஐயா இவற்றைக் கண்டால் நேற்றுத்தான் நட்டது என்று கண்டுபிடித்துவிடுவாரே என்று எனக்குத் தோன்றியது. இப்போது யோசித்தால், அந்தக் காரணம் முட்டாய் என் கைக்கு வந்த பிறகு தோன்றியதாகவும் இருக்கலாம். பெயின்ட் பூசிய தகரம் கூடாது என்று அவர் முதலில் மறுத்தார். பிறகு சைக்கிளின் இரண்டு பக்கமும் சாக்கில் கட்டிக்கொண்டு போனார். ஒரு டின்கூட மிச்சம் இல்லை.

பின்னேரம் அஸர் நேரம் வான் வந்து நின்றது. உம்மா இறங்கி, படலையைத் திறந்து, அப்படியே நின்றுவிட்டார். முற்றத்தில் அவருடைய லேஸ் எல்லாம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. உம்மா ஏசவில்லை. கையில் ஈரச் சாக்குச் சுருள் ஒன்றை வைத்துக்கொண்டு, பாத்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வாப்பா சாச்சியிடம் தணிந்த குரலில் ஊர்க்கதை சொன்னார். கூரை இல்லை. அறைக்குள் மரம் வளர்ந்திருக்கிறது. வாசல் எது என்று கண்டுபிடிக்கவே காடு வெட்ட வேண்டியிருந்தது. கிணற்றடி மாதுளை மட்டும் நிற்கிறது.

உம்மா குந்தியிருந்து சாக்கை அவிழ்த்தார். உள்ளே ஒரு சாண் உயரத்தில், நாலைந்து இலையோடு, மாதுளையின் அடியில் முளைத்த ஒரு கன்று இருந்தது.

“டின் ஒண்டு எடுத்துவா மகள்.”

நான் வெறுமையாகக் கிடந்த வேலியோரத்தைப் பார்த்தேன்.

“டின் இல்ல உம்மா.”

“எங்க எல்லாம்?”

நான் வாயைத் திறந்ததும் நாக்கு காட்டிக்கொடுத்துவிட்டது. அது இன்னும் ரோசா நிறம்தான். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். போட்டி, மேடை, விதி, முட்டாய். நாற்பத்தி மூன்று டின்னையும் முட்டாய்க்கா கொடுத்தாய் என்று உம்மா இரண்டு தரம் கேட்டார். பிறகு குசினி வாசற்படியில் குந்தியிருந்து சிரிக்கத் தொடங்கினார். உம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வாப்பாவும் சாச்சியும்கூடச் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு உயிர் வந்தது. சிரிப்பு நின்ற பிறகும் உம்மா சாரித் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சிரித்தால் கண்ணீர் வருவது எனக்கும் தெரிந்த விஷயம்தான், அதனால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

சாச்சி பக்கத்தில் போய்க் குந்தினார். “இதிலயே வை ராத்தா,” என்றார்.

உம்மா நிலத்தைப் பார்த்தார். இந்த மண் உப்பு என்று அவர் மெதுவாகச் சொன்னதும் நான் குறுக்கே விழுந்தேன்.

“இல்ல உம்மா. நான் தின்னு பார்த்தன். உப்பில்ல.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வாப்பா கேட்காமலே மண்வெட்டியைக் கொண்டுவந்து நின்றார். உம்மா அதை அவரிடமிருந்து வாங்கித் தானே வெட்டினார். அவ்வளவு சின்னக் கன்றுக்கு எதற்கு முழங்கால் ஆழத்தில் கிடங்கு என்று நான் நினைத்தேன். பிஸ்மி சொல்லிக் கன்றை இறக்கினார். நேராகப் பிடிக்கச் சொன்னார். நான் பிடித்தேன். கையாலேயே மண்ணைத் தள்ளி, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி மூடினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு செடி கூடிவிட்டது, நாளைக்கு அதற்கும் புள்ளி வரும்.

சனிக்கிழமை வந்த போதனாசிரியர் லேஸ் பந்தலைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். செடிகள் தலை நிமிர்ந்திருந்தன. சிப்பியை மெச்சினார், புதினாவைக் கிள்ளி மணந்தார். மாதுளையிடம் வந்ததும், இது நேற்று நட்டது, வேர் பிடிக்குமா என்பதே தெரியாது, இதற்குப் புள்ளி இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். எங்களுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. ஒரு பச்சைப் பூவாளி. முதலாம் பரிசு பாகற்பந்தல் போட்டிருந்த ஒரு வீட்டுக்குப் போனது.

அந்த மாதுளைக்குப் புள்ளி போட்டிருந்தால் நாம்தான் முதலாவது, ஒரு கிழமைக்கு முன்னமே போய்க் கொண்டுவந்திருக்கலாமே என்று உம்மாவோடு சண்டை பிடித்தேன். அவர் புதுப் பூவாளியால் அதற்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தார்.

“புள்ளி கிடக்கட்டும் மகள். அது நிண்டாப் போதும்.”

எனக்குக் கோபம் அடங்க ஒரு வாரம் ஆனது. இரண்டாம் பரிசுக்காரர்களை மேடையில் ஏற்றவில்லையே. இருபது வருஷமாக இந்தப் பக்கத்தில் சமைத்து, தைத்து, பிள்ளை பெற்று வாழ்ந்த உம்மா, அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் இங்கே குடிவந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவே இல்லை.