மந்திரி எழுதிய உள்நாட்டுப் போர்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிற அந்த மனிதரைப் பழைய கூட்டாளிகள் இன்றைக்கும் மந்திரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். இருபது வயதில் அவர் ஒரு கம்ப்யூட்டர் சென்டரைக் கவனித்துக்கொண்டிருந்தார். சாயங்காலமானால் போதும், கூட்டாளிகள் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ராஜ்யம் பிடிக்கிற ஆட்டத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். தலைக்கு மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டிருக்கும்.

அந்த ஆட்டத்தில் மருந்துக்கடைக்காரர் மகன் பாதி உலகத்தை வளைத்துப் போட்டுவிடுவான். அப்புறம் அவனை அசைக்க ஆளில்லை. எவ்வளவு வரி போட்டாலும் குடிமக்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். மந்திரிக்கு அது பொறுக்கவில்லை. ஆட்டத்தின் கோப்புகளைத் திறந்து, கலகத்துக்கான விதிகளைத் தானே எழுதத் தொடங்கினார்.

கலகம் எப்படி முளைக்கும் என்று அவர் எங்கேயும் தேடிப்போகவில்லை. அப்போது அவர் வீடே இரண்டுபட்டுக் கிடந்தது. அப்பாவும் சித்தப்பாவும் ஒரு வார்த்தை உரக்கப் பேசிச் சண்டை போட்டதில்லை. முதலில் சித்தப்பா யோசனை கேட்பதை நிறுத்தினார். பிறகு சேர்ந்து சாப்பிடுவது நின்றது. கடைசியில் கூடத்தின் நடுவே பலகைத் தடுப்பு வந்தது. அதே வரிசையில் மந்திரி எழுதினார்: மனம் கசந்த மாகாணம் முதலில் தூது அனுப்பாது, அப்புறம் படை அனுப்பாது, தனிக்கொடி ஏற்றுவது அதற்கும் பிறகுதான்.

மருந்துக்கடைக்காரர் மகனின் சாம்ராஜ்யம் மளமளவென்று சரிந்தது.

"டேய், என் தளபதியே எனக்கு எதிரா நிக்கிறான்டா. என்னடா பண்ணி வச்சிருக்க?"

"அவனை ஒரு வார்த்தை கேக்காம நீ எத்தனை முடிவு எடுத்திருக்க, யோசிச்சுப் பாரு" என்றார் மந்திரி.

கலகக்காரர் பக்கம் ஆட முந்திக்கொண்டு வருபவள் சித்தப்பா மகள். வீட்டில் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ள முடியாது. சென்டரில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

"அண்ணா, பிரிஞ்சு போக இத்தனை வழி வச்சிருக்க. திரும்பச் சேர ஒண்ணுகூட இல்லையே?"

"தெரிஞ்சா எழுதமாட்டேனாம்மா?"

அந்த மழைக்காலத்தில் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான கிணற்று மோட்டார் பழுதாகி நின்றது. வேறு வழியில்லாமல் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே கயிற்றைப் பிடித்து அதை மேலே இழுத்தார்கள்.

"மெதுவா" என்றார் அப்பா.

"மெதுவாத்தான் இழுக்கறேன்" என்றார் சித்தப்பா.

பல மாதங்களுக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். மறுநாளே மந்திரி ஒரு விதி சேர்த்தார்: ஒரே ஆற்றை நம்பியிருக்கும் இரு தரப்பும் உடைந்த அணையைச் சேர்ந்து சரிசெய்தால், கசப்பு கொஞ்சம் குறையும். "சண்டை போட வந்தா அணை கட்டச் சொல்றியே" என்று கூட்டாளிகள் கேலி செய்து அதை ஒதுக்கிவிட்டார்கள். அண்ணனும் தங்கையும் மட்டும் அந்த விதியோடு ஆடினார்கள். கசப்பு அடியோடு தீர்ந்ததாக ஒரு ஆட்டம்கூட அமையவில்லை. ஆனாலும் அந்தச் சாயங்காலங்களில் சிரித்ததுபோல அவர் பிறகு சிரித்ததில்லை.

வீடும் மறுபடி ஒன்றாகவில்லை. ஆனால் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் சித்தப்பாதான். சென்டரை மூடியபோது கம்ப்யூட்டர்கள் பழைய சாமான்களோடு போயின. மந்திரி எழுதிய விதிகளும் அவற்றோடு போயின.

போன வாரம் தூரதேசத்திலிருந்து தங்கை பேசினாள்.

"புதுசா ஒரு ஆட்டம் வாங்கினேண்ணா. அதுல உள்நாட்டுப் போரெல்லாம் இருக்கு. ஆனா எடுத்த எடுப்புலயே பீரங்கி வெடிக்குது."

"தூது நிக்கறது, அதெல்லாம்?"

"ஒண்ணும் கிடையாது. ஞாயித்துக்கிழமை சேர்ந்து ஆடலாமா?"

"நீ எந்தப் பக்கம்?"

"இதென்னண்ணா கேள்வி. கலகக்காரங்க பக்கம்தான்."