குனிந்தவர்களை நம்பாத நாய்

நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை என்று சொன்னால் உத்திரமேரூரில் சிரிக்காமல் கேட்டவர் ஒருவரும் இல்லை. சென்னையில் நாய்கள் தங்கும் விடுதி ஒன்றில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். அங்கே நாய்களுக்குப் பிறந்தநாள் கேக் வெட்டுவார்கள், தொப்பி மாட்டிவிடுவது என் பொறுப்பு. அதை எல்லோரும் வேலை என்று மரியாதையாக ஒப்புக்கொண்டார்கள். ஊருக்குத் திரும்பி வந்து கொஞ்சம் உருப்படியாக நாய்களைப் பழக்க ஆரம்பித்ததும், "நாய்க்கு டியூசனா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, கையோடு "எங்க வூட்டு மாடு ரெண்டு நாளா மேயல, இன்னான்னு வந்து பாரேன்" என்கிறார்கள். நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஒருவர் சீக்குக் கோழியைக் கூடையோடு கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டு, சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார். அவரிடம் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

எனக்கு மூக்கின் மேல் கோபம். மனிதர்களிடம் மட்டும்தான். நாய் ஒரே தப்பை நூறு முறை செய்தாலும் பொறுத்துக்கொள்வேன். நாயின் சொந்தக்காரர் ஒரே கேள்வியை இரண்டாவது முறை கேட்டால் எரிந்து விழுவேன். இந்தத் தொழிலுக்கு இது ஆகாத குணம். கூப்பிட்டு அனுப்புவது நாய் இல்லையே.

எங்கள் பக்கத்தில் நாயோடு பேசுவதற்கு ஒரு வழிதான் உண்டு. குனிவது. தெருவில் நாய் முறைத்தால் உடனே குனிந்து கல்லெடுக்க வேண்டும். அங்கே கல் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. பளபளவென்று டைல்ஸ் போட்ட கல்யாண மண்டபத்துக்குள்ளேயும் குனிவார்கள். நாயும் நின்று சோதித்துப் பார்க்காமல் ஓட்டம் எடுக்கும். பால்வாடிக்குப் போகிற குழந்தைக்கும் தெரிந்த வித்தை இது. இதனால் வந்த வினையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

காவாந்தண்டலத்துப் பக்கம் ஒரு விவசாயி வீட்டிலிருந்து போன் வந்தது. அவர் மனைவிதான் பேசினார். "நாய் ஆளுங்க மேல பாயுதும்மா. எல்லார் மேலயும் இல்ல. குனியறவங்க மேல மட்டும்."

போய்ப் பார்த்தேன். செம்மண் நிறத்தில் நல்ல நாட்டு நாய். குட்டியாக இருந்தபோது உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் கல்லடி பட்டுக் கால் இழுத்துக்கொண்டு கிடந்ததை, அந்த விவசாயி உர மூட்டைச் சாக்கில் போட்டு பைக்கில் கொண்டுவந்திருக்கிறார். கால் சரியாகிவிட்டது. மனசு சரியாகவில்லை. மற்ற நாய்கள் குனிந்தவரைக் கண்டால் ஓடும். இதற்கு ஓடி ஓடி அலுத்துவிட்டது போலிருக்கிறது. அவர் நிமிர்வதற்குள் நாமே முந்திக்கொள்வது நல்லது என்று முடிவு செய்திருந்தது. பல் பதியக் கடிப்பதில்லை. துணியைக் கவ்வி இழுத்துவிடும்.

அந்த வீட்டில் கோலம் நின்றுபோய் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். சிலிண்டர் போடுகிறவர் தெருவிலேயே உருட்டிவிட்டுப் போய்விடுவாராம். உறவில் புதிதாகக் கல்யாணமான ஜோடி ஆசீர்வாதம் வாங்க வந்து காலில் விழுந்திருக்கிறார்கள். எழுந்தபோது மாப்பிள்ளையின் வேட்டி தென்னை மரத்தடியில் நாயின் வாயில் இருந்திருக்கிறது. இதையெல்லாம் அவர்கள் எப்படியோ சமாளித்துக்கொண்டுதான் இருந்தார்கள். சமாளிக்க முடியாத ஒன்று இப்போது வந்துவிட்டது. நடவு.

நடவு என்றால் ஒரு கழனி நிறையப் பெண்கள் வரிசையாகக் குனிந்து நிற்பது. அந்த நாய்க்கு அதைவிடப் பயங்கரமான காட்சி உலகத்தில் இருக்க முடியாது. நாற்றுப் பறிக்க வந்த அன்றே, நடவுக் கூட்டத்துக்குத் தலைவியாக இருக்கிற அக்காவின் புடவையைக் கொசுவத்தோடு கிழித்துவிட்டது. ஊர்க் கோடியில் இருக்கிற குடியிருப்பிலிருந்து ஆள் திரட்டிக்கொண்டு வருகிறவர் அவர். அவர் வராவிட்டால் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் வர மாட்டார்கள். கிழிந்த புடவையைச் செருகிக்கொண்டு நிதானமாகச் சொல்லியிருக்கிறார்: "நாய் கீற கயினியில நாங்க எறங்க மாட்டோம் அய்யா. நாயா நடவான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

கட்டிப்போடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். கயிறு போட்டார்கள், அறுத்துக்கொண்டு வந்தது. சங்கிலி போட்டார்கள், மாட்டுக் கொட்டகைக் கம்பத்தோடு வந்தது. மெஷின் நடவுக்கும் வழியில்லை. கழனி வாய்க்காலை ஒட்டி வளைந்து நெளிந்து கிடக்கிறது, மெஷின் திரும்பாது. நாற்றோ முற்றிக்கொண்டே போகிறது.

"ஒரு வாரம் பாப்பன்," என்றார் விவசாயி. "சரிப்பட்டு வரலன்னா இந்தச் சனியன செய்யாத்துக்கு அந்தாண்ட கொண்டும்போயி வுட்டுட்டு வந்துருவன். இது பெரிய பேஜாரா பூட்ச்சிம்மா." சொல்லும்போது சனியன் அவர் பாதத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. அவர் மற்றக் கால் விரலால் அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருந்தார். நான் பார்ப்பதைக் கவனித்ததும் விரலை நிறுத்தினார்.

அவர் மனைவி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவரு சொன்னா செஞ்சிடுவாரு. அப்பால நாஷ்டா துன்ன மாட்டாரு, யார்கிட்டயும் பேச மாட்டாரு. எனுக்கு நாயவிட இந்தாளு தான் கவல."

என் பயிற்சி சாதாரணமானது. வேகவைத்த ஆட்டு ஈரலைத் துண்டு துண்டாக நறுக்கி இடுப்புப் பையில் வைத்துக்கொள்வேன். தூரத்தில் நின்று லேசாகக் குனிவது, உடனே ஒரு துண்டு போடுவது. இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து குனிவது, இன்னொரு துண்டு. குனிகிற மனிதனிடமிருந்து ஈரல்தான் வரும் என்று நாயின் புத்தியில் பதிய வேண்டும். இந்த வேலையில் என்மேல் வீசுகிற வாடையால் பஸ்ஸில் ஏறுகிற நாட்களில் எனக்குத் தாராளமாக இடம் கிடைக்கும்.

முதல் நாள் நாய் கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தது. "ராத்திரி தூங்கல போலகீது, பாவம்," என்றார் விவசாயியின் மனைவி. பயந்த நாயும் கொட்டாவி விடும், உதட்டை நக்கும், கண்ணை ஓரமாகத் திருப்பும் என்று விளக்கினேன். வாலை ஆட்டுதே என்றார். வாலாட்டுவதெல்லாம் பாசமில்லை என்றேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, தன் நாத்தனாரும் அப்படித்தான் என்றார்.

மறுநாள் விவசாயியைக் குனியச் சொன்னேன்.

"நானா? நாய்க்குத்தான பாடம்?"

"குனியறவங்க எல்லாம் கல்லெடுக்க மாட்டாங்கன்னு அதுக்குத் தெரியணும்ணா. அதுக்கு நாமதான் குனியணும்."

அவரைக் கண்டால் ஊரில் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். யாருக்கும் குனிந்து பழக்கமில்லை. தெருப் பக்கம் ஆகவே ஆகாது என்று என்னை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, முதுகு வலிக்காரர் குனிகிற மாதிரி அரைகுறையாகக் குனிந்தார். நாய் உறுமியது. ஈரல் விழுந்ததும் நிறுத்தியது. மறுபடியும் குனிந்தார். தினமும் காலையும் மாலையும் கொட்டகைக்குப் பின்னால் இந்தக் கூத்து நடந்தது. வேலி வழியாகப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். வைரவருக்கு ஏதோ வேண்டுதல் என்று ஊருக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. தேய்பிறை அஷ்டமிக்குத்தானே செய்வார்கள், இவர் தினமும் செய்கிறாரே, அப்படி என்ன பெரிய வேண்டுதல் என்று என் வண்டியை நிறுத்தியே ஒருவர் விசாரித்தார். ஈரல் நைவேத்தியம் உண்டா என்றும் கேட்டார். உண்டு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கெடு நெருங்குவதற்குள் நாய் வீட்டு ஆட்களுக்குப் பழகிவிட்டது. யார் குனிந்தாலும் எதிரே ஓடி வந்து உட்கார்ந்து வாயைப் பார்க்கும். ஆனால் இது கொட்டகைக்குப் பின்னால் படித்த பாடம். கழனியில், சேற்றில், வரிசையாகக் குனிந்தவர்கள் நடுவே என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. ஒத்திகை பார்க்க வேண்டும் என்றேன். யார் வருவார்கள்? நடவு ஆட்கள் வர மாட்டார்கள். அதற்காகத்தானே இத்தனை பாடும்.

மறுநாள் காலையில் நான் போனபோது விவசாயி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாற்று முடியோடு கழனிக்குள் நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் ஆண்கள் ஏர் ஓட்டுவார்கள், வரப்பு கழிப்பார்கள், நடவில் இறங்க மாட்டார்கள். அது பெண்கள் வேலை. அதிலும் நிலத்துக்குச் சொந்தக்காரர், பஸ் போகிற ரோட்டை ஒட்டிய கழனியில், பட்டப்பகலில் குனிந்து நாற்று நடுகிறார். அந்தப் பக்கம் அவர் மனைவி, இந்தப் பக்கம் நான். மூன்று பேரும் நட்ட லட்சணத்தைச் சொல்ல வேண்டாம். பைக்குகள் நின்றன. ஒருவர் போனை எடுத்து வீடியோ பிடித்தார். விவசாயி தலையை நிமிர்த்தவே இல்லை. நிமிர்ந்தால் யார் யார் பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிடுமே. நாய் சேற்றில் இறங்கி எங்கள் மூவரின் முன்னாலும் முறைவைத்து உட்கார்ந்து, ஈரல் வாங்கித் தின்றுகொண்டிருந்தது. "போதும் நைனா, கொஞ்சம் இரு நைனா," என்று அவர் ரகசியமாகக் கெஞ்சுவது எனக்குக் கேட்டது.

அந்த நேரம் பார்த்து நடவுப் பெண்கள் வேறொரு கழனிக்குப் போகிற வழியில் வரப்பில் வந்து நின்றார்கள். கொஞ்ச நேரம் அவர்களுக்கு என்ன பார்க்கிறோம் என்றே பிடிபடவில்லை. பிடிபட்டதும் சிரித்த சிரிப்பில் இரண்டு பேர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். தலைவி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நட்டிருந்த நாற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா அய்யா இது, நாத்தெல்லாம் மல்லாக்கப் படுத்துக்கினு கீது," என்றார். பயிரைப் பாழடிப்பதைப் பொறுக்க முடியாதவர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கழனியில் இறங்கி, எங்கள் நாற்றைப் பிடுங்கி ஊன்றுவதற்காகக் குனிந்தும்விட்டார்.

நாய் திரும்பிப் பார்த்தது. எழுந்து அவரை நோக்கி ஓடியது.

விவசாயி இப்போதுதான் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தார். நாய் போன வேகத்தில் அக்காவின் எதிரே சேற்றில் சப்பென்று உட்கார்ந்து, முகத்தை நிமிர்த்திப் பார்த்தது. குனிந்த நிலையிலேயே அவரும் அதைப் பார்த்தார்.

"இன்னா கேக்குது?"

"துன்றதுக்குக் கேக்குது," என்றார் விவசாயி. சேற்றில் விழுந்து எழுந்து வந்து, தன் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு ஈரலை எடுத்து அந்த அக்காவின் கையில் வைத்தார். அவர் நீட்டினார். நாய் விரல் படாமல் வாங்கிக்கொண்டது.

"நாளைக்கு வரோம்," என்றார் அவர். "நீங்க நட்டத மொத்தமும் புடுங்கிட்டுத்தான் நடுவோம்."

சொன்னபடி வந்தார்கள், நட்டார்கள். நாய் தங்கிவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கரையேறிக் கால் கழுவும்போது அந்த அக்கா என்னிடம் கேட்டார்: "டீச்சரம்மா, இனிமே யார் குனிஞ்சாலும் இது போயி ஒக்காரும். ஊர்ல எல்லாரும் ஈரல் வச்சிக்கினா குனியப் போறாங்க?"

விவசாயிக்கும் அது காதில் விழுந்தது. அவர் முகம் செத்துப்போனது. அதன் பிறகு அவர் எங்கே போனாலும் நாயை விட்டுப் பிரிவதே இல்லை என்று அவர் மனைவி போனில் சொன்னார். எனக்கும் தூக்கம் சரியில்லை. கல்லுக்குப் பயந்து பிழைத்துக் கிடந்த ஒரு ஜீவனிடமிருந்து அந்தப் பயத்தை எடுத்துவிட்டேன். கற்கள் எல்லாம் அப்படியே ஊரில்தான் கிடக்கின்றன.

ஒருநாள் மாகறல் போகிற வழியில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினேன். விவசாயியும் அங்கே இருந்தார், காலடியில் நாய். ஜல்லி ஏற்றி வந்த லாரியின் டிரைவர் வடையோடு நின்றிருந்தார். வடை வாசனைக்கு நாய் அவர் பக்கம் நகர்ந்தது. அவர் சட்டென்று குனிந்து ஜல்லிக்கல் ஒன்றைப் பொறுக்கினார். நிஜமான கல். ஓங்கவும் ஓங்கினார்.

நாய் ஓடவில்லை. அவர் எதிரே போய் உட்கார்ந்து, ஓங்கிய கையை ஆசையோடு அண்ணாந்து பார்த்தது. வால் புழுதியைப் பெருக்கியது.

"இன்னாய்யா இது, ஓடமாட்டேங்குது?" என்றார் டிரைவர்.

விவசாயி டீ கிளாஸை எங்கேயோ வைத்துவிட்டு வந்தார். "அது கல்லுன்னு அதுக்குத் தெரியாதுப்பா. நீ எதுனா குடுக்கப்போறன்னு ஒக்காந்துகினு கீது."

டிரைவர் தன் கையைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். கையை மெதுவாக இறக்கி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், நாய்க்குத் தெரியாமல் கல்லை நழுவவிட்டார். மற்றக் கையிலிருந்த வடையை நீட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

கிளம்பும்போது டிரைவர் டயரைப் பார்ப்பதற்காகக் குனிந்தார். அது மறுபடியும் ஓடிப்போய் எதிரே உட்கார்ந்தது. குனிந்தபடியே கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, கடைக்காரரிடம் இன்னொரு வடை கேட்டார்.