ஈரல் கட்டியும் ஜிம் மாஸ்டரும்

விஜயநகர் ஜிம்மில் என் தம்பிக்குப் பயிற்சி கொடுத்த மாஸ்டர், பேசும்போது நம் முகத்தைப் பார்க்கமாட்டார். கண்ணாடியில் தன் புஜத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார். உடம்பு ஏற அவர் போட்ட ஹார்மோன் ஊசியால் தம்பியின் ஈரலில் கட்டி வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதும், நேரே அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"கேன்சர் இல்லைதானேக்கா? மத்தே என்ன டென்ஷன்?" என்றார் கன்னடம் கலந்த தமிழில், எண்ணெய் மினுங்கும் கையை மடக்கியபடி.

"அது உள்ளயே வெடிச்சா உயிருக்கு ஆபத்தாம்."

"ஊசிய நிறுத்தினா சுருங்கிடும். முன்னாடி ஒருத்தருக்கு அப்படித்தான் சரியாச்சு. தம்பிகிட்ட மிச்ச பாட்டில் இருந்தா கொண்டாந்து குடுங்க, புதுசா சேர்ந்தவங்களுக்கு ஆகும்."

நான் வெளியே வந்துவிட்டேன்.

ஊசியை நிறுத்தியபின் கட்டி மெல்லச் சுருங்கியது. ஆனால் இன்னொருவருக்குக் கட்டி வந்தது தெரிந்தேதான் அந்த ஆள் என் தம்பிக்கு ஊசி போட்டிருக்கிறார். எப்படி மனசு வந்தது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.